தீபாவளிச் சரக்கு: மாம்பலமா, கடற்கரை ஸ்டேஷனா?

கீழக்கரை ஃபேன்சி: சின்னக் கடை, ரெடிமேடும் வளையலும். மெட்ராஸ் போனால் மாம்பலத்தில் இறங்கி ரெங்கநாதன் தெருவிலேயே எடுத்துடலாமா, இல்லை கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி மொத்தக் கடைகள் இருக்கிற பாரிமுனைதானா?

தொண்டி ரெடிமேட்: மாம்பலமே போதும் காக்கா. பாரிமுனையில் ஒரு டிசைனைத் தொட்டால் எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் நாலும் சேர்ந்த செட்டாத்தான் கட்டுவாங்க. ஓடாத சைஸ் பொங்கல் தாண்டியும் தொங்கும். ரெங்கநாதன் தெருவில் வேணும்கிற சைஸை மட்டும் பொறுக்கலாம். ஸ்லீப்பரில் 40 கிலோ இலவசம் வேற.

பாம்பன் பாலம்: அந்த 40 கிலோ சொந்தச் சாமானுக்கு அண்ணே. வியாபாரச் சரக்கு பார்சல் வேனில் புக் பண்ணித்தான் போகணும், சோதனையில் மாட்டினா அபராதம். அதோட, சில்லறை விலைக்கு வாங்கி அதுக்கு மேல லாபம் வச்சா யார் வாங்குவா? நம்ம சனமே ரயிலேறி அதே தெருவுக்குப் போகுது.

வண்டி எழும்பூரோ தாம்பரமோ, எங்க நின்னாலும் லோக்கல் பிடிச்சா கடைசி ஸ்டேஷன் கடற்கரை. எதிரே இருக்கிற பர்மா பஜாரில் நிக்காம உள்ளே போங்க: துணிக்கு கோடவுன் தெரு, ஃபேன்சிக்கு காசி செட்டித் தெரு, நாராயண முதலி தெரு. சனிக்கிழமை ராத்திரி மட்டும் ரயிலேறாதீங்க. ஞாயிறு மொத்தக் கடை பெரும்பாலும் பூட்டு. கட்டுகளை மீன்பாடி வண்டியில் (மூணு சக்கரச் சரக்கு வண்டி) லாரி பார்சல் ஆபீசுக்கு அனுப்பி, எல்.ஆர். என்கிற லாரி ரசீதை வாங்கிக்கிட்டு வெறுங்கையோட திரும்பலாம். பில் ஒரு லட்சத்தைத் தாண்டினா சரக்கோட வண்டியில் போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில் கேளுங்க.

தொண்டி ரெடிமேட்: பில்லுல ஜி.எஸ்.டி. எண் போட்டு வாங்கினாலும் காம்பொசிஷன் கடைக்கு (விற்பனையில் ஒரு சின்ன சதவீதம் மட்டும் வரி கட்டுற சின்னக் கடை) இன்புட், அதாவது வாங்கும்போது கட்டின வரியைக் கழிச்சுக்கிறது, கிடையாது தம்பி.

பாம்பன் பாலம்: இன்புட்டுக்காகச் சொல்லலை அண்ணே. வழியில் வண்டியை மறிச்சா காட்டணுமே!

தேவிபட்டினம்: ரெண்டு பேரும் வளையலை விட்டுட்டீங்க. மொத்தப் பெட்டியில் 2.4, 2.6, 2.8 கலந்து வரும். எந்த அளவு எத்தனை டஜன்னு முதல்லயே பேசிடணும். நம்ம கரையில் பெரிய வில்லன் உப்புக்காத்து. கவரிங் சீக்கிரம் கறுக்கும், இரும்புக் கொக்கியும் ஜிப்பும் துருவேறி துணியில் கறை பிடிக்கும். சட்டைப்பையில் ஒரு காந்தம் வச்சுக்கங்க. ஒட்டினா அந்தக் கொக்கி இரும்பு, வேண்டாம். சீல் வச்ச பெட்டின்னா சாம்பிள் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. பிறகு மாத்தித் தர மாட்டாங்க.

பாம்பன் பாலம்: செட்டுக்குப் பயந்தா, ரெண்டு கடை சேர்ந்து எடுத்துப் பிரிச்சுக்கலாம்.

தொண்டி ரெடிமேட்: அந்த டபுள் எக்ஸ்எல் யார் தலையில?