1 பரப்புக் காணியில் 300 சதுர அடி வீடு: கிளிநொச்சிக்குச் சரிவருமா?

குளக்கட்டு:
கிளிநொச்சி ரவுனுக்குள், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, 1 பரப்புக் காணி (ஏறக்குறைய 2,700 சதுர அடி) வாங்கியிருக்கிறோம். நானும் மனிசியும் மட்டும்தான். 300 சதுர அடிக்குள் ஒரு வீடு கட்ட யோசனை. 10க்கு 12 அடியில் ஒரு அறை, அதே அளவில் குசினியோடு சேர்ந்த ஹோல், 5க்கு 8 அடியில் குளியலறையும் மலசலகூடமும். முன்னால் விறாந்தை. அமெரிக்காவின் 2018 கட்டடக் கோவை 400 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டையே ரைனி ஹவுஸ், அதாவது குட்டி வீடு, என்று வரையறுக்கிறது. நமக்கு ஏன் ஏலாது? ரவுனைச் சுற்றிப் பாருங்கள், கடன் எடுத்துத் தொடங்கி, பீம் மட்டத்தோடு நின்று, கம்பி கறள் பிடித்த வீடுகள் எத்தனை! எனக்கு அந்த வழி வேண்டாம்.

முறிகண்டியான்:
தம்பி, சின்ன இடத்தில் இருந்து பார்த்த சனம் நாங்கள். 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரம். ஊருக்குத் திரும்பி வந்தபோது 12 தகரமும் தறப்பாளும். 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு என்று ஒரு திட்டம் வந்தது, மறந்துவிட்டீர்களா? ஒன்று 21 இலட்சத்துக்கு மேல். அந்தக் காலத்தில் இந்திய வீட்டுத்திட்டத்தில் சனம் 5 இலட்சத்து 50 ஆயிரம் உதவித்தொகையோடு 550 சதுர அடியில் கல்வீடே கட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு கத்தி அந்த இரும்பு வீட்டை நிற்பாட்டினோம்! இப்போது நீங்கள் கைக்காசு போட்டுப் பெட்டிக்குள் போகப் போகிறீர்கள். நாளைக்கு ஒரு செத்தவீடு என்றால் சனம் எங்கே இருக்கும்?

குளக்கட்டு:
அண்ணை, அந்தச் சண்டை அளவுக்காக நடந்ததல்ல. வெக்கை, அத்திவாரம், விலை, பழுதானால் ஊர் மேசனால் கைவைக்க ஏலாத நிலை, இவைதான் பிரச்சினை. தலைக்கு மேலிருந்து ஒருவன் தந்த வீடும் நானே கணக்குப் பார்த்துக் கட்டுகிற வீடும் ஒன்றா? செத்தவீட்டுக்கு முற்றத்தில் பந்தல் போடுவோம். 1,500 சதுர அடி வீட்டிலும் அதைத்தானே செய்கிறோம்?

மாங்குளம் மேசன்:
வெக்கை என்று சொன்னதால் வருகிறேன். சின்ன வீடு கெதியாகச் சூடாகும். உள்ளே காற்றின் அளவு குறைவு, கூரை தலைக்குக் கிட்ட. யூடியூப்பில் மேல்தட்டுப் போட்டு அதில் படுக்கிறார்களே, அது குளிர்நாட்டுக்காரருக்கு. சித்திரையில் இங்கே சூரியன் நேர் உச்சியில். அந்தத் தட்டில் நெல்லைப் பரப்பினால் அவிந்து வரும். 300 சதுர அடி என்றாலும் சுவரை 10 அடிக்கு ஏற்றுங்கள். சீற் வேண்டாம், ஓடு போடுங்கள். தாழ்வாரம் 3 அடி வெளியே வரட்டும். வீட்டின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும், காலை வெயிலும் பின்னேர வெயிலும் குறுகின சுவரில்தான் படும்.

சுவருக்கு, மண்ணை அழுத்திச் செய்கிற கல் நல்லது. கிறவல் மண்ணோடு 5 முதல் 8 வீதம் சீமெந்து, மெசினில் அமத்தி எடுப்பது. சூளை இல்லை, விறகு இல்லை. ஆனால் ஈரப்பதம் சரியாக இருக்க வேண்டும். கலவையை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. தூளாகப் போனால் தண்ணீர் காணாது, ஒரே கட்டியாகக் கிடந்தால் கூடிப்போச்சு. அமத்தி எடுத்த கல்லைச் சாக்குப் போட்டு நனைத்து மூன்று நாலு கிழமை வைக்க வேண்டும். இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் அவசரப்படுவார்கள்.

முறிகண்டியான்:
மண்கல்லு! 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்தபோது எங்கே இருந்தீர்கள்?

மாங்குளம் மேசன்:
இங்கேதான். அதனால்தான் தரையிலிருந்து 2 அடிக்குக் கருங்கல்லோ சீமெந்துக்கல்லோ வைத்து, மண்கல்லை அதற்கு மேலே தொடங்கச் சொல்கிறேன். மண்கல்லை வெள்ளத்தைவிடக் கூரைத்தண்ணி நிலத்தில் அடித்துத் தெறிக்கிறதுதான் கூடத் தின்னும்.

பூநகரி மருமகள்:
ஆம்பிளையள் மூன்று பேரும் கூரையும் சுவரும் கதைத்து முடித்தாச்சா? ஹோலோடு சேர்ந்த குசினி என்றால் காஸ் அடுப்பு மட்டும்தான் சரிவரும். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றோம், பேந்து எல்லாரும் விறகுக்குத்தானே வந்தோம். வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கி அடுப்படி வையுங்கள் தம்பி. நீங்கள் சொன்ன அளவுகளில் தேங்காய் துருவ ஒரு மூலைகூட இல்லை. மனிசியைக் கேட்டீர்களா என்றே சந்தேகம்.

குளக்கட்டு:
கேட்டேன் அக்கா. பத்தி வரும்.

முறிகண்டியான்:
சரி, அடுப்படி வந்தாச்சு. மலக்குழி எங்கே? கிணறு எங்கே? 1 பரப்பென்றால் 45 அடிக்கு 60 அடி. இரண்டுக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும். இரண்டையும் எதிரெதிர் மூலையில் வைத்தால்தான் அந்த இடைவெளி வரும். அப்போது உங்கள் குழி பக்கத்து வளவுக் கிணற்றுக்குக் கிட்டவா இல்லையா? வீட்டைச் சின்னதாக்கலாம், குழியை என்ன செய்வீர்கள்?

குளக்கட்டு:
கிணறு வெட்டும் யோசனை இல்லை. குழாய்த் தண்ணீரும் மழைத்தொட்டியும். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். தாழ்வாரம், விறாந்தை எல்லாம் சேர்த்து எனக்கு 40 சதுர மீற்றர் கூரையாவது வரும். ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் என்று வையுங்கள், ஐந்தில் ஒரு பங்கு வீணாய்ப் போனாலும் 32,000 லீற்றர்.

முறிகண்டியான்:
அந்த 32,000 எப்போது விழும்? பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். 5,000 லீற்றர் தொட்டி கட்டினால் இரண்டு பேருக்கும் சேர்த்து நாளுக்கு 60 லீற்றர் வீதம் மூன்று மாதமும் வராது. ஆடியில் குழாயும் நின்றால் பவுசரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் கிணறு வைத்திருந்தால் குழிப் பிரச்சினையும் அப்படியே கிடக்கிறது.

மாங்குளம் மேசன்:
அண்ணை சொல்வது சரி. சீல் பண்ணின தொட்டி கட்டி, அதிலிருந்து வருவதைப் பக்கத்துக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஊறவிட வேண்டும். அதைச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து காட்டிவிட்டு வீட்டுப் படத்தைக் கீறுங்கள். படம் முடிந்த பிறகு குழிக்கு இடம் தேடாதீர்கள்.

இன்னொன்று. பிள்ளை பிறந்தால் அறை வேண்டும். தெற்குச் சுவரில் வருங்கால வாசலுக்கு மேல்சுவரைத் தாங்க இப்போதே லின்ரல் போட்டு, கீழே வெறுங்கல்லால் அடைத்து வையுங்கள். மூலையில் கல்லை ஒன்றுவிட்டொன்று வெளியே நீட்டி, பல்லு விட்டுக் கட்டினால் பிறகு புதுச்சுவர் வந்து சேரும்.

முறிகண்டியான்:
அப்படியென்றால் அது ரைனி ஹவுஸ் இல்லை, பாதி வீடு. நானும் 550 கட்டச் சொல்லித்தானே கத்துகிறேன்!

குளக்கட்டு:
கட்டுவேன் அண்ணை, கடன் இல்லாமல், தேவை வரும்போது. மேசன் அண்ணை, எங்கள் காணி மண் அந்தக் கல்லுக்குச் சரிவருமா?

மாங்குளம் மேசன்:
மேல் மண் வேண்டாம், அதில் வேரும் குப்பையும். 2 அடி தோண்டி ஒரு சாக்கு எடுத்து வாருங்கள். களி கூடினால் மணல் கலக்க வேண்டிவரும். இப்போது மணல் விற்கிற விலைக்கு, அதைத் தெரிந்துகொண்டுதான் மற்றக் கணக்குப் பார்க்கலாம்.