"பொதுச் சுகாதாரம் கருதி" என்ற ஒரு வரி போதுமா?

ஆணைவாசகி:
பெருந்தொற்றுக்கால அரசாணைகளைப் படித்து ஆட்சேபம் எழுதும் குழுவுக்காக ஒரு சரிபார்ப்புத் தாள் தயாராகிறது. ஊரடங்கு, கட்டாயத் தனிமைப்படுத்தல், தடமறியும் செயலி மூன்றும் அதில் வரவேண்டும். "பொதுச் சுகாதாரம் கருதி" என்று மட்டும் சொல்லி ஆணை வந்தால் செல்லுமா? முதலில் எதைப் பார்ப்பது?

நடுநிலைக்கோல்:
செல்லாது. அரசு எந்த வழியில் போகிறது என்று முதலில் பாருங்கள். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966 பன்னாட்டு உடன்படிக்கையில் இரண்டு வழி உண்டு. நடமாட்டம் (பிரிவு 12), கூட்டம் கூடுதல் (21) போன்றவற்றைப் பொதுச் சுகாதாரத்துக்காகக் கட்டுப்படுத்த அந்தந்தப் பிரிவே இடம் தருகிறது. இது போதாத நிலையில்தான் பிரிவு 4: நெருக்கடிநிலையை முறைப்படி அறிவித்து, எந்தப் பிரிவுகளை ஏன் நிறுத்திவைக்கிறோம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் வழியாக மற்ற நாடுகளுக்கு உடனே சொல்லியாக வேண்டும். சொல்லாமலே நெருக்கடி நடவடிக்கை எடுத்த நாடுகள் பல என்று இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 2020 ஏப்ரலில் கண்டித்தது.

பிரிவு 4-க்குப் போனாலும் உயிர் வாழும் உரிமை, சித்திரவதைத் தடை, முன்தேதியிட்ட தண்டனைக்குத் தடை ஆகியவற்றில் கைவைக்க முடியாது. நேற்று நடந்த கூட்டத்துக்கு இன்றைய ஆணையைக் காட்டி வழக்குப் போட்டால், அங்கேயே பிடியுங்கள்.

அடுத்து, இந்த உடன்படிக்கையின் உரிமைகளை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று நிபுணர்கள் வகுத்த 1984-இன் சிராகூசா கோட்பாடுகள். சட்ட அடிப்படை, நியாயமான நோக்கம், உண்மையான தேவை, பாகுபாடின்மை, இருப்பதிலேயே கடுமை குறைந்த வழி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பெரும்பாலான ஆணைகள் கடைசியில் சொன்னதில்தான் சறுக்கும். வேறு எந்த வழியைப் பரிசீலித்தார்கள், ஏன் தள்ளினார்கள் என்ற குறிப்பு கோப்பில் இல்லையென்றால் உங்கள் ஆட்சேபத்தின் முதல் பத்தி அதுதான்.

திறந்தகதவு:
தனிமைப்படுத்தல் பற்றி. நடமாட்ட உரிமையைச் சொல்லும் 12-இல் "பொதுச் சுகாதாரம்" என்ற சொல் இருக்கிறது. கைதையும் தடுத்துவைத்தலையும் சொல்லும் 9-இல் இல்லை. ஆகவே அறையில் பூட்டிவைத்தால் 9(4)-இன்படி நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழி இருந்தே ஆகவேண்டும். நீதிமன்றம் மூடியிருந்தால் மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ மனு ஏற்கப்படுகிறதா என்று பாருங்கள்.

ஆணை ஆளுக்கொன்றாக, அவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் இருக்க வேண்டும். காரணம், முடியும் தேதி, மேல்முறையீடு செய்யும் இடம் மூன்றும் அதில் வேண்டும். அதிகம் நடக்கும் தவறு நாள் கணக்கில்தான். நோயாளியோடு கடைசியாகத் தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து எண்ணாமல், மையத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து எண்ணிவிடுகிறார்கள். ஆறு பேரை ஒரே அறையில் வைத்தால் இன்னும் மோசம். ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் மற்ற ஐவருக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

சிறைகளைத் தனியாகச் சேருங்கள். நாளில் 22 மணிநேரமோ மேலோ உருப்படியான மனிதத் தொடர்பின்றி வைப்பது, கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளின்படி தனிமைச் சிறை. தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் அறவே கூடாது. மருத்துவக் காரணம் சொன்னாலும் தொலைபேசி, காணொளிப் பேச்சு, அன்றாட மருத்துவர் வருகை இல்லாவிட்டால் அது அந்த நிலைக்கே போய்விடும்.

தரவுக்காவல்:
செயலிக்கு ஒரே கேள்வி: யார் நோயாளிக்கு அருகில் இருந்தார் என்று பொருத்திப் பார்ப்பது கைப்பேசியிலா, அரசின் சர்வரிலா? ஆப்பிளும் கூகுளும் 2020-இல் தந்த முறையில் புளூடூத் வழியாகப் போகும் எண் ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறியது. பொருத்தம் கைப்பேசிக்குள்ளேயே நடந்தது. சர்வரில் சேர்ந்துவிட்டால் பிறகு வேறு கைகள் நீளும். சிங்கப்பூரின் தடமறியும் தரவைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் தெரியவந்தது. பிறகுதான் ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வந்தது. "வேறு எந்த நோக்கத்துக்கும் இல்லை, குற்ற விசாரணை உட்பட" என்ற வாக்கியத்தைச் சட்டத்திலேயே தேடுங்கள். தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் இருந்தால் கணக்கில்லை.

காகித வருகைப் பதிவையும் மறக்காதீர்கள். வாசலில் ஒரே நோட்டில் எல்லாரும் பெயரும் எண்ணும் எழுதினால், முன்னால் வந்த பெண்ணின் எண் பின்னால் வருபவர் கண்ணில் படும். ஆளுக்கொரு சீட்டு, மூடிய பெட்டி, நோய் வெளிப்படும் காலம் கடந்ததும் அழிப்பு. இவ்வளவு போதும்.

ஆணைவாசகி:
நன்றி. "மறு உத்தரவு வரும்வரை" என்று போட்டால்?

நடுநிலைக்கோல்:
ஆட்சேபியுங்கள். தேதி வந்ததும் ஆணை தானாகக் காலாவதியாக வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் அன்றைய தொற்று நிலவரத்தோடு புது ஆணை. பழைய காரணத்தைப் படியெடுத்து ஒட்டியிருக்கிறார்களா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.