ஊமைப்படத்துக்கு நேரலையில் வயலின் வாசிக்கிறோம், தம்புரா மட்டும் காணாமல் போகிறது

வாலாஜா வயலின்:
எங்கள் குழுவில் பாதிப்பேர் பழைய படப் பைத்தியம், மீதி கச்சேரிப் பைத்தியம். மாதம் ஒரு ஞாயிறு ராத்திரி இணையத்தில் கூடி ஊமைப்படம் பார்க்கிறோம். வாலாஜாபேட்டையிலிருந்து நான் வயலின், ஆரணியிலிருந்து ஒருவர் மிருதங்கம். போன முறை தாதாசாகேப் பால்கேயின் ‘காளிய மர்தன்’ (1919). அதில் கிருஷ்ணன் பால்கேயின் மகள் மந்தாகினிதான். அந்தக் குழந்தையின் விஷமத்துக்கு மோகன ராகம் வாசித்தால் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. பாம்போடு மல்லுக்கட்டும்போது அடாணா. இங்கே எல்லாம் ஜோர். கேட்டவர்களோ தம்புராவே இல்லை என்கிறார்கள். வயலினில் நீளமாகப் பிடித்த ஸ்வரம் தேய்ந்து போகிறதாம், மிருதங்கம் பின்தங்கி வருகிறதாம். படமும் விட்டு விட்டு ஓடியிருக்கிறது. என்ன செய்யலாம்?

காட்பாடி ஜங்ஷன்:
இரைச்சல் நீக்கும் வசதியை முதலில் அணையுங்கள். மாறாமல் ஒரே சீராக வரும் ஒலியைத்தான் அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். அதற்குத் தம்புராவும் சீலிங் ஃபேனும் ஒன்றுதான். ஜூம் என்றால் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ போடுங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம். மிருதங்கத்துக்கு இணையத்தில் வழி கிடையாது, ஒலி போய்ச் சேர்வதற்குள் தாளம் நழுவிவிடும். ஆரணிக்காரரை பஸ் ஏறி வரச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை ரீல்:
படத்தைத் திரைப் பகிர்வில் காட்டாதீர்கள் சார். லிங்க்கை அனுப்பி, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி அவரவர் ஃபோனில் சத்தத்தை மூடி ஓடவிடச் சொல்லுங்கள். பாட்டு மட்டும் உங்கள் பக்கமிருந்து போகட்டும். ஆட்கள் தபதபவென்று ஓடுகிற பிரதி என்றால் யூடியூப் வேகத்தை 0.75 வையுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் 18 ஆகும், மனுஷர்கள் மனுஷர்களாக நடப்பார்கள்.

கோட்டை அகழி:
நம்ம வேலூர் நடராஜ முதலியாரின் ‘கீசக வத’த்தைப் போடலாமே?

ராணிப்பேட்டை ரீல்:
பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லையே. ‘ஷிராஸ்’ (1928) போடுங்கள், தாஜ்மகால் கதை. 2017-இல் அனுஷ்கா சங்கர் இசையோடு புதுப்பித்த பிரதி வந்தது. படம் பழசானாலும் அந்த இசைக்கு உரிமை இருக்கிறது, அதை ஒலிபரப்பாதீர்கள். நீங்கள்தான் வாசிக்கப் போகிறீர்களே.

காட்பாடி ஜங்ஷன்:
காட்சிகளுக்கு நடுவே எழுத்தில் வரும் டைட்டில் கார்டெல்லாம் இங்கிலீஷ். அந்தக் காலக் கொட்டகையில் ஓர் ஆள் நின்று தமிழில் சொல்வார், அதுபோல் ஒருவரை வையுங்கள். அவர் பேசும்போது வில் மெதுவாக ஓடட்டும்.

வாலாஜா வயலின்:
சரி, கார்டு படிக்க எங்கள் குடியாத்தம் மாமா இருக்கிறார். கணீர்க் குரல், ஆனால் நிறுத்தத் தெரியாது. அப்புறம், தாஜ்மகால் எழும்பும் காட்சிக்கு ஹிந்துஸ்தானி பக்கம் ரொம்பச் சாயாமல் என்ன ராகம் எடுக்கலாம்?