யூபிஎஸ் சீரியல் போர்ட்ல பதிலே தர மாட்டேங்குது, உதவுங்க
நண்பர்களே, லினக்ஸ் சர்வர்ல யூஎஸ்பி டூ சீரியல் கன்வெர்ட்டர் போட்டு யூபிஎஸ்ஸ கனெக்ட் பண்ணிருக்கேன், கன்வெர்ட்டர் சிஸ்டத்துல நல்லாவே தெரியுது ஆனா நட் (யூபிஎஸ்ஸ கண்காணிக்கிற சாஃப்ட்வேர்) டிரைவர ஸ்டார்ட் பண்ணா யூபிஎஸ்கிட்ட இருந்து பதிலே வரல. பாட் ரேட் (டேட்டா போற வேகம்) 2400, யூசர டயல்அவுட் குரூப்ல (சீரியல் போர்ட்ட பயன்படுத்த அனுமதி தர்ற குரூப்) சேர்த்தாச்சு. கன்வெர்ட்டர்ல 2ஆம் பின்னையும் 3ஆம் பின்னையும் (டேட்டா வாங்குற, அனுப்புற பின்கள்) சின்ன வயரால ஷார்ட் பண்ணா டைப் பண்ற எழுத்து அப்படியே திரும்பி வருது, அதனால போர்ட் ஓகே, கேபிள் மேலதான் சந்தேகம். யூபிஎஸ் கேபிளோட பின் கனெக்சன் கம்பெனிக்கு கம்பெனி மாறும், சிலதுல சாதா சீரியல் கேபிள சொருகினாலே யூபிஎஸ் ஆஃப் ஆயிடும், சர்வர் ஓடறப்ப அந்த ரிஸ்க் எடுக்க மனசு வரல. கரண்ட் போனா சர்வர் தானா ஒழுங்கா ஷட்டவுன் ஆகணும், அதுக்குத்தான் இவ்ளோ பாடு. மல்டிமீட்டர் வெச்சு பின்அவுட்ட (எந்த பின் எதுக்குன்னு) பாதுகாப்பா கண்டுபிடிக்க வழி இருக்கா? இல்ல டிடிஆர், ஆர்டிஎஸ்ங்கற கன்ட்ரோல் சிக்னல் லைன்ல ஏதாச்சும் செட் பண்ணணுமா?