விரதம் என்று நினைத்திருந்தோம்: உணவுக் கோளாற்றுச் சிகிச்சையில் குடும்பத்தினரின் அனுபவங்கள்

ஒரு தாய், இலண்டன்:

என் மகளுக்கு 14 வயதில் அனோரெக்சியா, அதாவது எடை கூடுமென்ற பயத்தில் உணவை ஒதுக்கும் நோய், வந்தபோது, அது விரதத்தின் உருவில் வீட்டுக்குள் நுழைந்ததால் நாங்கள் அதை நோயென்று அறியவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் செவ்வாய்க்கும் நீண்டபோது அம்மம்மா பேத்தியின் பக்தியை எண்ணிப் பூரித்தார், நானும் தடுக்கவில்லை. மாதவிடாய் நின்று, கோடையிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் அவள் நடுங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போனோம்.

நாடித்துடிப்பையும் இரத்தத்தையும் சோதித்து, வீட்டில் வைத்தே சிகிச்சை செய்யலாம் என்று உறுதிசெய்தபின், குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். குற்றவாளியைப் போலத் தலைகுனிந்தே போனேன். காரணம் யார் என்று தேடப் போவதில்லை என்பதே சிகிச்சையாளரின் முதல் வார்த்தை. இந்த நோய்க்குப் பெயரிட்டு 1874இல் எழுதிய இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், நோயாளியைக் கவனிக்க உறவினர்கள் பொதுவாகப் பொருத்தமற்றவர்கள் என்றே கருதினாராம். அதே நகரின் மோட்ஸ்லி மருத்துவமனையினர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், இளவயதில் நோய் தொடங்கி மூன்றாண்டுக்குமேல் நீடிக்காதவர்களுக்கு, தனியே அளித்த உளச்சிகிச்சையைவிடக் குடும்பத்தோடு செய்த சிகிச்சையே கூடுதல் பலன் தந்தது என்று சிகிச்சையாளர் விளக்கியபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டாம் சந்திப்புக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுபோய், அங்கேயே எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். இரண்டு இடியப்பத்தோடு மகள் தட்டைத் தள்ளியதும் நான் கெஞ்சினேன். கணவரோ, "விடு, பிள்ளையை வதைக்காதே" என்றார். பெற்றோர் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் அந்த இடைவெளியில்தான் நோய் வாழ்கிறது என்பதைச் சிகிச்சையாளர் எங்களுக்குக் காட்டித் தந்தார். பிறகு இருவரும் அவளுக்கு இருபுறமும் அமர்ந்து, "இன்னும் ஒரு வாய், குஞ்சு" என்பதை மட்டுமே மாறி மாறிச் சொன்னோம். மூன்றாவதையும் சாப்பிட்டாள்.

அடுத்த மாதங்களில் தட்டுகள் பறந்தன. "உன்னை வெறுக்கிறேன்" என்று அவள் கத்தும்போது, பேசுவது நோய், என் பிள்ளையல்ல என்று எனக்குள் சொல்லிக்கொள்ளப் பழகினேன். எங்களைவிட அம்மம்மாதான் பெரிய காரியம் செய்தார்: "உன் விரதத்தையும் சேர்த்து நானே பிடிக்கிறேன், நீ சாப்பிடு" என்று அவர் சொன்ன நாளிலிருந்து, சாமியின் பெயரால் உணவை மறுக்க வழியில்லாமல் போயிற்று. ஒரு கல்யாண வீட்டில் அன்போடு சொல்லப்பட்ட "நல்லா உடம்பு வைச்சிட்டாய்" என்ற ஒரு வார்த்தைக்கு இரண்டு நாள் சாப்பாட்டை இழந்தோம். அதன்பின், எங்கே போவதானாலும் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாமென்று கணவர் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். எடை தேறத் தேற, பொறுப்பைச் சிறிது சிறிதாக அவளிடமே திருப்பிக் கொடுத்தோம்.

ஒரு தம்பி, சென்னை:

அக்கா நோயுற்றபோது எனக்கு 11 வயது. அவள் சப்பாத்தியைத் துப்பட்டாவில் ஒளித்ததை அம்மாவிடம் சொன்னேன். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைக் கவனிப்பது பெற்றோரின் வேலை, நீ அவளுக்குத் தம்பியாக மட்டும் இரு என்று ஆலோசகர் என்னை அழைத்துச் சொன்னார். சாப்பிட்டு முடித்த அடுத்த ஒரு மணி நேரமே அக்காவுக்கு மிகக் கொடியது என்பதால், அந்த நேரத்தில் கேரம் விளையாடத் தொடங்கினோம். பல நாள் அழுதுகொண்டே காய்களை அடித்தாள். இப்போது அவள் வீட்டுக்கு வந்தால், கை கழுவியதும் பலகையை எடுத்து வைப்பது அவள்தான்.