உலி: இக்போ வரைவுக் கலைக்கு எந்தச் சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போப் பெண்கள் உடலிலும் மண்சுவரிலும் வரைந்துவந்த ‘உலி’க்குப் பச்சை, தொய்யில், கோலம் ஆகிய மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றும் நமக்குப் பழகிய சொற்களே. ஆயினும் கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு அவற்றுள் எதையும் தலைச்சொல்லாக ஏற்க இயலாது என்று கருதுகிறேன்.

பச்சையை உடனே விலக்கிவிடலாம். அது ஊசியால் குத்தப்படுவது, அழியாதது. உலி என்பதோ சில செடிகளின் காயைப் பிழிந்தெடுத்த சாற்றை மெல்லிய கத்தி முனையாலோ குச்சியாலோ தோலின்மேல் இழுப்பது. இழுக்கும்போது மங்கலாக இருக்கும் கோடு, காற்றுப்பட்டுக் கருத்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் மறைந்துவிடும்.

தொய்யில் கவர்ச்சியான பரிந்துரை. ஆனால் சங்கப் பாடல்களில் அது தலைவியின் தோளிலும் மார்பிலும் எழுதப்படுவது. காதலர் உறவோடு பிணைந்தது. உலியைத் திருமணம், பட்டமேற்பு, திருவிழா போன்ற பொது நிகழ்வுகளுக்காகப் பெண்களே வரைந்தனர். நிலத்தெய்வமான ஆலா பெண்களுக்கு அளித்த கொடை அது என்பது இக்போ மரபு. ஆகவே கோயிற்சுவர்களிலும் அதற்கு இடமிருந்தது. செம்மண், மஞ்சள் மண், வெண்களிமண், கரி ஆகியவற்றோடு பின்னாளில் சலவை நீலமும் சேர்ந்த அந்தச் சுவர் வரைவுகள் மழையில் கரைந்துபோக, பெண்கள் கூடி மீண்டும் வரைந்துவந்தனர். சுவருக்குத் தொய்யில் என்பது எப்படிப் பொருந்தும்?

கோலத்துக்கே ஆதரவு மிகுதி என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பெண்கள் கை, அழியும் தன்மை, மங்கலம் ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவைதாம். வடிவ இலக்கணமோ நேரெதிரானது. புள்ளிக்கோலம் புள்ளிகளின் ஒழுங்கில் பிறந்து, பெரும்பாலும் சமச்சீராக நிறைவது. உலி வரைபவர் சமச்சீரை நாடுவதில்லை: மலைப்பாம்பின் சுருளாகவும் கருதப்படும் ‘அக்வோலாக்வோ’ என்ற சுருள் வடிவம் ஒரு பக்கத்தில் தனித்து நிற்கும், கோலாக்கொட்டையின் பிளவைக் குறிக்கும் சிறு வடிவம் வேறெங்கோ அமரும், இடையில் தோல் வெறுமையாகவே விடப்படும். அந்த வெறுமை இல்லாவிட்டால் கோட்டுக்கு வீச்சு இல்லை. கோலம் என்று எழுதிவிட்டால் வாசகர் மனத்தில் முதலில் விழுவது சமச்சீர்தான்.

எனவே ‘உலி’யை அப்படியே கொண்டு, கலையை ‘உலி வரைவு’ என்றும், சாற்றை ‘உலிச்சாறு’ என்றும், வகைகளை ‘உடல் உலி’, ‘சுவர் உலி’ என்றும் வழங்கலாம். ‘உளி’யின் எழுத்துப்பிழை என்று யாரேனும் நினைக்கக்கூடும் என்ற ஐயத்தை உடன்வரும் சொற்களே நீக்கிவிடும். ‘உலி எழுத்து’ வேண்டாம். தென்கிழக்கு நைஜீரியாவின் கிராஸ் ஆற்றுப் பகுதியில் எக்பே என்னும் மறைசங்கத்தார் கையாளும் நிசிபிடிக் குறியீடுகளுக்கு அச்சொல்லை ஒதுக்கி வைப்பது நல்லது. ‘உலித் தீட்டு’ என்பதை ஏன் தவிர்க்க வேண்டும் என்று தமிழருக்கு விளக்கத் தேவையில்லை.

இன்னொரு வேறுபாடும் பதிவாக வேண்டும். நைஜீரிய ஓவியர் உச்சே ஒகேகே தம் தாயாரிடமிருந்து கற்ற இந்தக் கோட்டு மரபை மையிலும் தாளிலும் கையாண்டார். 1970இல் நைஜீரிய உள்நாட்டுப் போர் முடிந்தபின் நுசுக்காவில் உள்ள நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, ஓபியோரா உதெச்சுக்வு போன்ற ஓவியர்கள் அதை வளர்க்க வழி வகுத்தார். அப்படைப்புகளில் உலிச்சாறு இல்லை. அவற்றை ‘உலிப் பாணி’ என்று பிரித்துச் சொல்வதே முறை.

வரைவின் பகுதியாக வேண்டுமென்றே விடப்படும் வெறுமைக்கு ‘விடுவெளி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘வெற்றிடம்’ இயற்பியலுக்குப் போய்விட்டது. ‘காலியிடம்’ வேலைவாய்ப்பு விளம்பரத்தை நினைவூட்டுகிறது. விடுவெளியில் விட்டவரின் முடிவும் அடங்கியிருக்கிறது. ஓவியம் பயின்ற உறுப்பினர்கள் இச்சொல் பிற மரபுகளுக்கும் தாங்குமா என்று சோதித்துச் சொன்னால், அதைப் பொதுப் பட்டியலில் சேர்க்கலாம்.