புதுப்பிப்பு: பணியிட ஆன்லைன் பயிற்சி – விட்ட இடம் ஏன் அழிகிறது, வினாக்களை எப்போது கேட்பது

முந்தைய இழையில் சொன்னது: ஒரு மணி நேரப் பாடத்தை, வேலையில் வரும் பணி ஒன்றுக்கு ஒரு துண்டாகப் பிரியுங்கள். அதற்குப் பின் பலர் கேட்டது: "பாதியில் மூடித் திறந்தால் பாடம் முதலிலிருந்து தொடங்குகிறதே, ஏன்?"

பல நேரங்களில் காரணம் ஸ்கார்ம் (SCORM) 1.2, அதாவது பாடமும் அதை இயக்கும் பயிற்சித் தளமும் தகவல் பரிமாறிக்கொள்ளும் தரநிலையின் ஒரு பதிப்பு. விட்ட இடமும் அளித்த விடைகளும் 'சஸ்பெண்ட் டேட்டா' என்ற ஒரே புலத்தில் சேமிக்கப்படுகின்றன. தரநிலைப்படி அதன் வரம்பு 4,096 எழுத்துகள். நீண்ட பாடத்தில், அதுவும் வினாக்கள் மிகுந்த பாடத்தில், அது நிரம்பிவிடும். மிகுதியைத் தளம் வெட்டும், அல்லது சேமிக்கவே மறுக்கும். ஸ்கார்ம் 2004 நான்காம் பதிப்பில் வரம்பு 64,000. தளம் அதை ஏற்காவிட்டால் பாடத்தைப் பிரிப்பதே வழி. வெளியிடுமுன் கடைசிக்கு முந்தைய திரைவரை எல்லா வினாக்களுக்கும் விடையளித்து, மூடி, மீண்டும் திறந்து பாருங்கள். முதல் நான்கைந்து திரைகளோடு சோதனையை நிறுத்தினால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

அடுத்து வினாக்கள். பாடம் முடிந்த கையோடு வைக்கும் தேர்வு அப்போதைய நினைவை மட்டுமே அளக்கும். 2, 7, 30ஆம் நாள்களில் மும்மூன்று வினாக்கள் அனுப்புங்கள். அதே வினா வேண்டாம். அதே முடிவைக் கோரும் வேறு சூழல் வேண்டும். உதாரணமாக: "ரசீது இல்லாமல் வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தருகிறார். முதலில் என்ன செய்வீர்கள்?"

தவறான விடைகளைக் கற்பனையில் எழுதாதீர்கள். பணியாளர்கள் உண்மையில் செய்யும் தவறுகளை மேற்பார்வையாளர்களிடம் கேட்டு வாங்குங்கள். பயிற்சி பலிப்பது பெரும்பாலும் இங்கேதான்.